எதில் நூறு விழுக்காடு?

பொங்கல் நெருங்கும்போது மதுரை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஒரு படிவம் திறக்கும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் அவிழ்க்கப்படும் காளைகளுக்கும் மாடு அணையும் வீரர்களுக்கும் அதில்தான் பதிவு. 2025-இல் ஜனவரி 6 மாலை திறந்து மறுநாள் மாலை மூடினார்கள். அந்த ஒரு நாளுக்குள் 12,632 காளைகளுக்கும் 5,347 வீரர்களுக்கும் பதிவு நடந்துவிட்டது. ஒரு காளைக்கு மூன்று ஊர்களில் ஒன்றில்தான் இடம் என்பதால் எதை அழுத்துகிறோம் என்று பார்த்து அழுத்த வேண்டும். தவறியவருக்கு அடுத்த தை வரை காத்திருப்புதான். நிரப்பியவர்களில் புதுக் கைபேசி வைத்திருந்தவரும் இருந்திருப்பார், கண்ணாடி கீறிய பழைய கைபேசியை வெயிலில் பிடித்துத் தட்டியவரும் இருந்திருப்பார், கம்ப்யூட்டர் சென்டர் பையனிடம் ஆதார் அட்டையை நீட்டி நின்றவரும் இருந்திருப்பார். இத்தனை விதமான மனிதர்கள் ஒரே நாளில் வந்து முட்டும் ஒரு திரையைக் கட்டுகிறவர், ‘சோதித்தாயிற்று, திறக்கலாம்’ என்று எதை வைத்துச் சொல்வார்? அந்தக் குறிப்பிட்ட படிவத்தை யார் எப்படிச் சோதித்தார்கள் என்பது இங்கே கேள்வியில்லை. அது போன்ற எந்தத் திரைக்கும் ஒரு நற்சான்றாகக் காட்டப்படும் ஒரு எண்ணைப் பற்றித்தான் பேச்சு.

இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்களில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அந்த எண் தெரியும். அதன் பெயர் கவரேஜ். இன்று ஒரு திரையை யாரும் ஒரே துண்டாக எழுதுவதில்லை. பெயர் கேட்கும் பெட்டி, ஊரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல், படம் ஏற்றும் இடம், ‘பதிவு செய்’ பொத்தான் என்று தனித்தனிக் காம்பொனென்ட்டுகளாக எழுதிப் பிறகு கோக்கிறார்கள். ஃபேஸ்புக் 2013-இல் வெளியிட்ட ரியாக்ட் இந்த முறையை எங்கும் பரப்பியது. ஒவ்வொரு காம்பொனென்ட்டுக்கும் பக்கத்திலேயே அதைச் சோதிக்கும் சிறு நிரல்களையும் எழுதி வைப்பார்கள். இதைத் தட்டினால் அது தெரிய வேண்டும், இதை விட்டுவிட்டால் இந்த எச்சரிக்கை வர வேண்டும் என்பது அவற்றின் பேச்சு. இவைதான் டெஸ்டுகள். எல்லா டெஸ்டுகளும் ஓடி முடித்தபின், மூல நிரலில் எத்தனை பங்கு ஒரு தடவையாவது இயங்கியது என்று ஒரு கருவி எண்ணிச் சொல்லும். நூறு வரிகளில் எண்பது இயங்கியிருந்தால் கவரேஜ் 80 விழுக்காடு.

யோசனை பழையது. 1963-லேயே மில்லர், மலோனி என்ற இருவர், ஒரு நிரலின் எல்லா வழிகளிலும் போய்ப் பார்க்கும்படி சோதனைகளை ஒழுங்காக அமைப்பது எப்படி என்று எழுதிவிட்டார்கள். இணையத் திரைகள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்டுக்கு இந்த வேலையைச் செய்யும் இஸ்தான்புல் என்ற கருவியை 2012-இல் உருவாக்கியவர் கிருஷ்ணன் அனந்தேஸ்வரன். இன்று பெரும்பாலான திரை டெவலப்பர்கள் பயன்படுத்தும் ஜெஸ்ட் போன்ற கருவிகளின் வயிற்றுக்குள் அது இருக்கிறது. நிரலை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் ஒரு சிறு எண்ணியைச் செருகிவிடும். ஓடும்போது அந்த எண்ணிகள் கூடிக்கொண்டே போகும். கடைசியில் பூச்சியமாகவே நின்றவற்றைச் சிவப்பாகக் காட்டும். கைச்சரக்கு ஏதும் இல்லாத நேர்மையான வேலை. இயங்காத வரியை இயங்கியதாக அது ஒருநாளும் சொல்லாது. இந்த நேர்மைதான் பிறகு வரும் குழப்பத்துக்கும் காரணம், ஏனென்றால் எண் பொய் சொல்லாது என்று தெரிந்தபின் அது எதைப் பற்றிச் சொல்கிறது என்று கேட்பதை நாம் நிறுத்திவிடுகிறோம்.

இஸ்தான்புல் தருவது ஒரு எண் அல்ல, நான்கு: ஸ்டேட்மென்ட், பிராஞ்ச், ஃபங்ஷன், லைன். முதலிரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு விதியை வைத்தே பார்த்துவிடலாம். வீரருக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ‘வயது 18-க்குக் கீழ் என்றால், பதிவு செய்ய இயலாது என்று காட்டு’ என எழுதியாயிற்று. அதற்கு மறுபக்கமாகத் தனியே எதுவும் எழுதவில்லை. இப்போது 16 வயதை இட்டு ஒரே ஒரு டெஸ்ட் ஓட்டினால் எழுதிய எல்லாக் கூற்றுகளும் இயங்கிவிடும். ஸ்டேட்மென்ட் கவரேஜ் நூறு. பிராஞ்ச் கவரேஜோ ஐம்பதுதான், ஏனெனில் வயது போதும் என்ற வழியில் யாரும் நடந்தே பார்க்கவில்லை. படிவத்தைத் திறக்கும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் போகப்போகும் வழி அதுதான். கூட்ட அறையில் ‘கவரேஜ் நூறு’ என்று யாராவது சொன்னால், அந்த நான்கில் எது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

பிராஞ்ச் எண்ணும் நூறைத் தொட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓட்டை அடைபடவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளும் வெளியிலுமாக ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சுற்றுச்சுற்றாகத் தெருக்கள் விரிகின்றன. வீட்டுக் கணக்கெடுக்க அனுப்பிய ஆள் அத்தனையிலும் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து ‘ஒரு தெரு பாக்கியில்லை’ என்றால் அது பொய்யல்ல. எந்தக் கதவைத் தட்டினார் என்பது அந்தப் பேச்சில் இல்லை, அவ்வளவுதான். கவரேஜ் கருவி நடையை எண்ணுகிறது, தட்டியதை எண்ணுவதில்லை. ஒரு டெஸ்ட், காம்பொனென்ட்டைத் திரையில் வரையச் சொல்லிவிட்டு எதையுமே சரிபார்க்காமல் முடிந்துவிட்டாலும் அது தொட்ட வரிகளெல்லாம் பச்சையாகிவிடும்.

திரைகளின் விஷயத்தில் இது சற்றுக் கூடுதலாகவே நடக்கும். வட்டி கணக்கிடும் ஒரு நிரலில் வழிகள் பல கிளைகளாகப் பிரியும்; அவற்றையெல்லாம் இயக்க வேண்டுமானால் பல உள்ளீடுகளை யோசித்தே ஆக வேண்டும். ஒரு காம்பொனென்ட்டின் நிரலில் பெரும்பகுதி, ‘இங்கே ஒரு பெட்டி, அதன் கீழே ஒரு பொத்தான்’ என்ற வர்ணனைதான். ஒரு தடவை வரையச் சொன்னால் போதும், வர்ணனை முழுவதும் இயங்கிவிடும். சல்லிசாக எழுபது, எண்பது வந்து நிற்கும். 2016-இல் ஜெஸ்ட் கொண்டுவந்த ஸ்னாப்ஷாட் முறை இதை இன்னும் எளிதாக்கியது: காம்பொனென்ட் இன்று என்ன வெளியிடுகிறதோ அதை அப்படியே கோப்பில் எழுதி வைத்து, நாளை வெளியிடுவதோடு ஒப்பிடும். மாறியிருந்தால் டெஸ்ட் தோற்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்றைய வெளியீடே தவறாக இருந்தால் தவறுதான் சான்றாகப் பதிவாகிறது. மாற்றம் வந்ததும் ஒரே விசையைத் தட்டிப் புதிய வெளியீட்டை ஏற்றுக்கொள்ளலாம் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் அவசரத்தில் எத்தனை பேர் ஒப்பிட்டுப் பார்த்துத் தட்டுகிறார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இது வெறும் சந்தேகம் அல்ல, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா இனோசெம்ட்சேவாவும் ரீட் ஹோம்ஸும் 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களை எடுத்து, 31,000 டெஸ்ட் தொகுப்புகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் கவரேஜையும் அது பிழையைப் பிடிக்கும் திறனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பிழைபிடிக்கும் திறனை அளக்க அவர்கள் பயன்படுத்தியது மியூட்டேஷன் என்ற உத்தி. அதற்கு விதை போட்டது 1971-இல் மாணவராக இருந்த ரிச்சர்ட் லிப்டன். நிரலில் வேண்டுமென்றே சின்னச் சின்னத் தவறுகளைச் செய்துவிட்டு, டெஸ்டுகள் கத்துகின்றனவா என்று பார்ப்பது. நம் எடுத்துக்காட்டில், ‘18-க்குக் கீழ்’ என்பதை ‘18 அல்லது அதற்குக் கீழ்’ என்று மாற்றிவிட வேண்டும். 16 வயதை இட்டுச் சோதித்த டெஸ்டும் 25 வயதை இட்டுச் சோதித்த டெஸ்டும் அப்போதும் அமைதியாகத் தேறிவிடும், கவரேஜும் நூறாகவே இருக்கும்; சரியாகப் பதினெட்டு நிரம்பிய இளைஞன் மட்டும் வாசலில் நிறுத்தப்படுவான். ஆய்வின் முடிவு: டெஸ்டுகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்துப் பார்த்தால், கவரேஜுக்கும் பிழைபிடிக்கும் திறனுக்கும் உள்ள உறவு பலவீனமாகவோ நடுத்தரமாகவோதான் இருக்கிறது. டெஸ்டுகளின் தரத்துக்குக் கவரேஜை இலக்காக வைக்க வேண்டாம் என்றே அவர்கள் சொன்னார்கள்.

அது ஜாவா நிரல்களைப் பற்றியது, திரைகளுக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திரைகளில் நிலைமை இன்னும் மோசம் என்பதே பதில், ஏனென்றால் அங்கே விழுக்காட்டின் கீழே உட்கார்ந்திருக்கும் தொகையே குறையுள்ளது. இஸ்தான்புல் எண்ணுவது ஜாவாஸ்கிரிப்டை மட்டும். பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு, எது எதன்மேல் கிடக்கிறது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் அந்தத் தொகையில் இல்லை. டெஸ்டுகள் வழக்கமாக ஓடுவதும் உண்மையான உலாவியில் அல்ல, ஜேஎஸ்டாம் என்ற போலி உலாவியில். அதற்கு இடம், அகலம், உயரம் எதுவும் தெரியாது. எந்தப் பொத்தானின் அளவைக் கேட்டாலும் பூச்சியம் என்றே சொல்லும். ‘பதிவு செய்’ பொத்தான் கைபேசியின் விசைப்பலகைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாலும் அங்கே அதை அழுத்த முடியும், டெஸ்ட் தேறும், கவரேஜ் ஏறும். மனிதர் விரலால் மட்டும் அழுத்த முடியாது.

மதுரையில் இதைச் சொல்வதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பார்வை மங்கியவர்கள் நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிலும் கைபேசி வைத்திருப்பவர்கள் ஏராளம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள். உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல் நெறிமுறையும் எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் சிதையக் கூடாது என்கிறது. பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புகளைக் கருவியால் ஆராய்கிறது; 2025-இல் 94.8 விழுக்காட்டு முகப்புகளில் இந்த நெறிமுறைக்கு மாறான குறைகள் பிடிபட்டன. அவற்றில் முதலிடம் மங்கலான எழுத்துக்கு. வெளிர்சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து என்பது ஜாவாஸ்கிரிப்ட் வரி எதையும் சிவப்பாக்காது. இத்தளங்களைக் கட்டியவர்களில் கவரேஜை ஒழுங்காகப் பார்த்தவர்களும் இருந்திருக்க வேண்டும்.

இனி நம் மொழிக்கு வருவோம். ‘மதுரை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று இரண்டாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் து என்பதன் உகரக் குறியும் ரை என்பதன் ஐகாரக் குறியும் தனி இலக்கங்கள். ‘திருப்பரங்குன்றம்’ நமக்குப் பத்து எழுத்து; கணினிக்குப் பதினேழு; யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 51 பைட்டு. ஊர்ப்பெயர்ப் பெட்டிக்கு ‘பதினைந்து எழுத்துக்குமேல் கூடாது’ என்று ஒருவர் வரம்பு வைத்து, ‘அஆஇ’ என்று எதையோ இட்டுச் சோதித்தால் கவரேஜ் நிறைந்துவிடும். திருப்பரங்குன்றத்துக்காரர் தன் ஊரின் முடிவைத் தட்ட முடியாமல் நிற்பார். இதைவிடப் பழக்கமான தொல்லை ஒன்று உண்டு. குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் பெட்டி. தலைப்பெழுத்தும் ஒரே பெயருமாக வாழும் நாம், விமான டிக்கெட்டிலிருந்து விசா வரை அதில் அப்பா பெயரையோ வெறும் புள்ளியையோ இட்டுச் சமாளிக்கிறோம். அந்தப் பெட்டியின் டெஸ்டுகளைத் திறந்தால், ‘காலியாக விட்டால் சிவப்பு எச்சரிக்கை வருகிறதா’ என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். டெஸ்ட் தேறுகிறது, நம்மைத் தடுப்பதைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான அத்தாட்சி அது.

இங்கிருந்துதான் வாதத்தின் நடுப்பகுதி தொடங்குகிறது. கவரேஜ் எழுதப்பட்ட நிரலில் எவ்வளவு இயங்கியது என்பதைச் சொல்லும். எழுத மறந்த நிரலுக்கு வரியே கிடையாது; வரி இல்லாத இடத்தில் சிவப்பும் இல்லை. 2024 நவம்பர் 19 அன்று எல்ஐசி இணையதளத்தின் முகப்பு இந்தியில் வந்து நின்றது. கண்டித்தவர்களில் ஒருவரான அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சுட்டிக்காட்டிய விவரம், திரை கட்டுகிறவர்களுக்கு அரசியலைத் தாண்டியும் முக்கியமானது: ஆங்கிலத்துக்கு மாற்றும் வாய்ப்பும் இந்தியிலேயே எழுதப்பட்டிருந்தது. தொழில்நுட்பச் சிக்கலால் மொழி மாறாமல் இருந்தது, சரிசெய்துவிட்டோம் என்று எல்ஐசி வருத்தம் தெரிவித்தது. மொழி மாற்றும் பொத்தான் ஒரு சிறு காம்பொனென்ட். அழுத்தினால் மொழி மாறுகிறதா என்று அதற்கு டெஸ்ட் எழுதலாம், எல்லா வரியும் எல்லாக் கிளையும் பச்சையாகலாம். இந்தி படிக்கத் தெரியாத ஒருவர் அந்தப் பொத்தானைக் கண்டுபிடிப்பாரா என்ற கேள்விக்கு நிரலில் ஒரு வரியும் இல்லை.

இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் இப்போது கைபேசித் திரையிலேயே அடையாளச் சரிபார்ப்பு நடக்கிறது. எதிரில் இருப்பது புகைப்படமல்ல, உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்ய ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று திரை கேட்கும். அமிலவீச்சில் முகமும் கண்களும் சிதைந்த ஒருவரால் சிமிட்ட முடியவில்லை. வங்கியால் அவருக்குக் கணக்கு திறக்க முடியவில்லை. பார்வையற்ற ஒருவரும் தனியே வழக்குத் தொடுத்தார். முகத்தைச் சட்டத்துக்குள் நிறுத்துங்கள் என்று திரை எழுத்தில் சொன்னால் அவருக்கு அது எப்படித் தெரியும்? நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி இருபது கட்டளைகளையும் பிறப்பித்தது. சிமிட்டலைக் கண்டறியும் காம்பொனென்ட்டில் இரண்டு கிளைகள்தான் இருந்திருக்கும்: சிமிட்டினார், சிமிட்டவில்லை. இரண்டையும் சோதித்தால் பிராஞ்ச் கவரேஜ் நூறு. சிமிட்ட இயலாதவர் என்பது மூன்றாவது கிளை. அது எழுதப்படவே இல்லை.

‘இது சோதனையின் குற்றமா? என்ன வேண்டும் என்று தேவையை வகுத்தவர்களின் தவறை ஏன் கவரேஜின் தலையில் கட்டுகிறீர்கள்?’ என்று அனுபவமுள்ள டெஸ்டர் ஒருவர் மறுக்கலாம். பாதி ஒப்புக்கொள்ள வேண்டிய மறுப்பு. கருவிமேல் குற்றம் இல்லைதான். ஆனால் நடைமுறையில் அந்த எண் கருவியோடு நின்றுவிடுவதில்லை. சோனார்க்யூப் என்ற கருவி, புதிய நிரலுக்கு 80 விழுக்காடு இல்லையென்றால் வாசலைத் தாண்ட விடாது என்பதை இயல்பான விதியாகவே வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் கூட்டத்தில் அதே 80 ஒரு வரைபடமாகக் காட்டப்படுகிறது. டெவலப்பரிடமிருந்து மேலாளருக்கும், அங்கிருந்து பணம் கொடுக்கிறவருக்கும் ஏறும்போது ‘எண்பது விழுக்காடு வரிகள் இயங்கின’ என்ற வாக்கியம் ‘எண்பது விழுக்காடு சோதித்தாயிற்று’ என்று சுருங்கி, கடைசியில் ‘பெரும்பாலும் சரியாக இருக்கிறது’ என்று முடிகிறது. தேவையை மறந்தவர்கள் தங்கள் மறதியை உணராமல் இருப்பதற்கு அந்தப் பச்சை எண்ணும் ஒரு காரணம்.

அப்படியானால் எண்ணையே தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அதன் மேல்முனை பேசுவதில்லை, கீழ்முனை பேசுகிறது. படம் ஏற்றும் காம்பொனென்ட்டுக்கு 12 விழுக்காடு என்றால் அதற்கு வேறு விளக்கமே இல்லை. அங்கே யாரும் போகவில்லை. கூகுள் தன் பொறியாளர்களுக்கு 60 ஏற்கத்தக்கது, 75 பாராட்டத்தக்கது, 90 முன்மாதிரி என்று பொதுவழிகாட்டல் தந்துவிட்டு, எண்ணைத் துரத்துவதைவிட எது சோதிக்கப்படாமல் இருக்கிறது என்று பாருங்கள் என்று அதையும் சேர்த்தே சொல்கிறது. விமானத் துறை இன்னும் தெளிவு. உயிர் சம்பந்தப்பட்ட விமான மென்பொருளுக்கு 1992-இன் டிஓ-178பி விதிமுறை, ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக முடிவை மாற்றுகிறது என்று காட்டும் மிகக் கடுமையான கவரேஜைக் கேட்டது. ஆனால் அங்கே டெஸ்டுகளைத் தேவைப் பட்டியலிலிருந்துதான் எழுத வேண்டும். அவற்றை ஓட்டியபின் நிரலில் இயங்காத பகுதி தெரிந்தால், தேவை விடுபட்டதா, தேவையற்ற நிரல் நுழைந்ததா என்று விசாரிக்க வேண்டும். வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் தேவை, அடுத்து டெஸ்ட், அதன்பின் கவரேஜ். நம் திரைகளில் பல சமயம் நடப்பது தலைகீழ். எண் குறைகிறது என்று தெரிந்தபின், சிவப்பு வரிகளைப் பார்த்துப் பார்த்து அவற்றை இயக்குவதற்கென்றே டெஸ்டுகள் எழுதப்படுகின்றன.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தத் தலைகீழ் வேலைக்குச் செலவே இல்லாமல் போய்விட்டது. காம்பொனென்ட்டைக் கொடுத்து டெஸ்ட் எழுது என்றால் நொடிகளில் இருபது எழுதித் தரும். நாற்பதில் கிடந்த கவரேஜ் மாலைக்குள் தொண்ணூறாகும். நிரல் என்ன செய்கிறதோ அதைப் பார்த்தே எழுதப்பட்ட டெஸ்டுகள், நிரல் செய்வது சரி என்றுதான் சாட்சி சொல்லும். குடும்பப் பெயர் கட்டாயம் என்றால் கட்டாயம்தான் என்று அதுவும் ஒத்துப்பாடும். முன்பெல்லாம் தொண்ணூறு என்ற எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் பல வாரம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்றாவது ஊகிக்க இடமிருந்தது. இனி அந்த ஊகத்துக்கும் வழியில்லை.

விழுக்காட்டின் கீழே எதை வைப்பது என்பதுதான் மாற்ற வேண்டியது. வரிகளின் எண்ணிக்கையோடு கூட, காம்பொனென்ட் எந்தெந்த நிலைகளில் மனிதர் முன் தோன்றும் என்ற பட்டியலும் அங்கே வேண்டும்: காலியாக, பாதி நிரம்பி, பிழையோடு, நெட் அறுந்து, எழுத்து பெருத்து, தமிழில், ஆங்கிலத்தில். இதற்கான கருவி நமக்குப் பக்கத்தில்தான் பிறந்தது. இலங்கையைச் சேர்ந்த அருணோத சுசிறிபாலவும் அவருடைய கடிரா குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஸ்டோரிபுக், ஒரு காம்பொனென்ட்டின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக நிறுத்திக் காட்டும். கடிரா கைவிட்டபின் திறந்தநிலைச் சமூகம் அதை வளர்த்தெடுத்தது. இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அந்த நிலைகளையே உண்மையான உலாவியில் டெஸ்டுகளாக ஓட்டி, இஸ்தான்புல் வழியே கவரேஜும் எடுக்கலாம். அப்போது அதே விழுக்காட்டுக்கு வேறு மதிப்பு, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் சந்திக்கப்போகும் நிலையின் வழியாக இயங்கியிருக்கிறது. அகலமும் உயரமும் அங்கே பூச்சியமாக இருக்காது.

நிலைகளைப் பெருக்கினால் எண்ணிக்கை எங்கோ போய்விடுமே, பத்துப் பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்கே போகும் என்பது அடுத்த மறுப்பு. பெருக்கிப் பார்ப்போம். மூன்று ஊர், மூன்று எழுத்தளவு, மூன்று விதமான நெட் நிலை, இரண்டு மொழி, காளை உரிமையாளரா வீரரா என்ற இரண்டு: மொத்தம் 108 சேர்க்கைகள். எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல மென்பொருள்களின் பழுதுப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்து, பெரும்பாலான பிழைகள் ஒரு காரணியாலோ இரண்டு காரணிகள் சேர்ந்தோதான் கிளம்புகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் எல்லா இணைகளும் ஒரு தடவையாவது வந்துவிட வேண்டும் என்று மட்டும் வைத்தால், இந்த 108-க்கு ஒன்பது சோதனைகள் போதும். பெரிய எழுத்தும் தமிழும் சேர்ந்தால் பொத்தான் உடைகிறதா என்பது அந்த ஒன்பதில் ஒன்றில் வந்தே தீரும். ஒன்பது சோதனைகளுக்கு நேரமில்லை என்று சொல்லும் கம்பெனி அனேகமாக இருக்காது. எந்தக் காரணிகளைப் பட்டியலில் சேர்ப்பது என்று உட்கார்ந்து யோசிக்கத்தான் நேரம் பிடிக்கும், அதைக் கருவிகள் செய்து தராது.

அந்தப் பட்டியலிலும் மறதி புகும் என்பது உண்மை. சிமிட்ட முடியாதவரை நினைத்துப் பார்க்காத குழு, நிலைகளைப் பட்டியலிடும்போதும் அவரை விட்டுவிடும். உச்ச நீதிமன்றத்தின் இருபது கட்டளைகளில் ஒன்று இந்த இடத்தைச் சரியாகத் தொடுகிறது: செயலியோ இணையதளமோ வடிவமைக்கும்போதும் புதிய வசதி சேர்க்கும்போதும், பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும். வங்கிகள் உள்ளிட்ட நிறுவனங்களுக்குச் சொன்னது அது. மற்றத் திரைகளுக்கும் பொருந்தாமல் போக எந்தக் காரணமும் தெரியவில்லை. மதுரைக்கு இதற்காக ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. அழகர்கோவில் சாலைப் பக்கம் சுந்தரராஜன்பட்டியில், தாமே பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். அதை வைத்துப் படிவத்தை நிரப்பும் ஒருவர், ‘ஊரைத் தேர்ந்தெடு’ பட்டியலுக்கு வந்ததும் வெறும் ‘பொத்தான், பொத்தான்’ என்று மட்டும் கேட்டு அங்கேயே நின்றுவிட்டால், அந்தப் பட்டியலுக்குப் பெயர்க்குறி எழுதப்படவில்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இஸ்தான்புல் அறிக்கையில் அதைக் குறிக்க ஒரு பத்தி இல்லை. நான்கு எண்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக, யார் யார் உட்கார்ந்து பார்த்தார்கள், எங்கே நின்றார்கள் என்று அந்தக் குழுதான் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.